மூன்றில் ஒன்றைத் தடுத்தால் உலகச் சாம்பியன்

படிவம் 4-இல் படித்தபோது ஒரே ஆட்டத்தில் 24 கோல் விட்டவள் நான். காற்பந்தில் அல்ல, எறிபந்தில். பள்ளித் திடலில் ‘போலா பாலிங்’ என்று அழைப்போமே, ஒலிம்பிக்கில் ‘ஹேண்ட்பால்’ என்று சொல்கிறார்களே, அந்த விளையாட்டு. மண்டல அளவிலான போட்டியில் 24க்கு 11 என்று தோற்றோம். மறுநாளே வகுப்பில் எனக்கு ‘ஓட்டை வலை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நீளக்கைச் சட்டையைப் பொறுப்பாசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதமிருந்த ஒன்றரை ஆண்டும் செம்பிறைச் சங்கத்தில் கட்டுப்போடக் கற்றுக்கொண்டேன்.

இப்போது நானே ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியை. பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர் தலையில் என்னென்ன புறப்பாடப் பொறுப்புகள் வந்து விழும் என்று உங்களுக்குத் தெரியாததா? எனக்கு விழுந்தது பெண்கள் எறிபந்துக் குழு. பழைய கணக்கு இன்னும் முடியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். கோல் காவலரை எப்படிப் பயிற்றுவிப்பது என்று தெரிந்துகொள்ள இரவில் உட்கார்ந்து பழைய ஆட்டங்களின் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் தியரி ஒமேயரைச் சந்தித்தேன்.

பிரான்ஸ் நாட்டின் கோல் காவலர். 2019-இல் ஓய்வு பெற்றுவிட்டார். 2008, 2012 ஒலிம்பிக்கில் தங்கம். உலகச் சாம்பியன் பட்டம் ஐந்து முறை, ஐரோப்பியச் சாம்பியன் பட்டம் மூன்று முறை. 2008-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த விருது பெரும்பாலும் கோல் போடுகிறவர்களுக்குத்தான் போகும். கோல் காவலருக்குக் கிடைப்பது அபூர்வம்.

பதக்கங்களைவிட இன்னொன்றுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. இந்த மனிதர் தம் நாட்டுக்காக மட்டும் 350க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்குச் சென்றவர். எறிபந்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 25 கோல் போடுவது சாதாரணம். அப்படியானால் இந்த உலகச் சாம்பியன் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான கோல்களை விட்டிருக்கிறார். என்னுடைய 24 எந்த மூலைக்கு?

கால் நொடிக் கணக்கு

விளையாட்டைப் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அரங்கின் நீளம் 40 மீட்டர், அகலம் 20 மீட்டர். ஓர் அணிக்கு ஏழு பேர். பாதிக்கு 30 நிமிடம் என இரண்டு பாதிகள். கோல் கம்பத்தின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். அதன் முன்னால் 6 மீட்டர் தூரத்தில் வளைவாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் கோல் காவலரைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பிக் குதித்து, கால் தரையைத் தொடுவதற்குள் பந்தை எறியலாம். காற்றில் பறந்தபடி கோலுக்கு மிக அருகில் வந்துவிடுவார்கள்.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஆண்கள் ஆட்டத்தில் நல்ல ஆட்டக்காரர் எறியும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். 100 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு ஏறக்குறைய 27.8 மீட்டர். 9 மீட்டரிலிருந்து எறிந்தால் பந்து கோலைச் சேர 0.32 நொடி. 7 மீட்டரிலிருந்து எறியும் தண்டனை எறியென்றால் 0.25 நொடி. 6 மீட்டரில் 0.22 நொடி. ஒன்றைக் கண்ணால் பார்த்து உடம்பை அசைக்கத் தொடங்கவே மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 நொடி தேவை. ஆக, பந்து கையைவிட்டுக் கிளம்பிய பிறகு முடிவெடுத்தால் வேலைக்காகாது. எறிபவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, ஓடிவரும் கோணம் இவற்றைப் பார்த்து, பந்து கிளம்பும் முன்பே காவலரின் உடல் கிளம்பியாக வேண்டும்.

கையுறையும் கிடையாது. 425 முதல் 475 கிராம் வரை எடையுள்ள பந்து வெறும் கையில், தொடையில், சில சமயம் முகத்தில் வந்து அறையும். பந்தைப் பிடிக்கவெல்லாம் நேரமில்லை, தடுத்தால் போதும். ஒமேயரின் காலைப் பாருங்கள். எதிராளியின் தோள் உயரத்துக்கு வரும் பந்தைக்கூடப் பாதத்தால் தட்டிவிடுவார். ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் ஒரு காலில் நின்று மறுகாலைக் கம்பத்தின் மூலைவரை வீசுவதைப் பார்த்தால் நமக்குத் தொடை வலிக்கும்.

இந்தச் சூழலில் எத்தனை பந்தைத் தடுத்தால் ‘நல்ல காவலர்’ என்கிறார்கள் தெரியுமா? கோலை நோக்கி வந்த நூறு பந்துகளில் 30 முதல் 35. நாற்பதைத் தொட்டால் அன்று அவர்தான் நாயகன். தேர்வில் 35 மதிப்பெண் வாங்கினால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே அந்த 35-தான் உலகத் தரம். மூன்றில் இரண்டு பந்து உள்ளே போகும் என்று தெரிந்தே வேலைக்கு வருகிற மனிதர் கோல் காவலர்.

எல்லை ஊரிலிருந்து

ஒமேயர் 1976 நவம்பர் 2-ஆம் நாள் முலூஸ் நகரில் பிறந்தார். பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அல்சாஸ் வட்டாரம் அது. வோஜ் மலையடிவாரத்தில் இருக்கும் செர்னே என்ற சிற்றூரின் கழகத்தில் எறிபந்து பழகினார். அவருக்கு இரட்டைப் பிறவிச் சகோதரர் ஒருவர் உண்டு, கிறிஸ்டியன். அவரும் எறிபந்து ஆட்டக்காரர்தான். 1994-இல் தியரி அதே வட்டாரத்திலுள்ள செலெஸ்டா கழகத்தில் சேர்ந்தார். பெரிய கழகம் அல்ல. அங்கே ஆறு ஆண்டுகள் ஆடிய பிறகு, 2000-இல் தெற்கே மோன்பெலியே கழகத்துக்குப் போனார்.

2001 தொடக்கத்தில் பாரிசில் நடந்த இறுதியாட்டத்தில் சுவீடனைக் கூடுதல் நேரத்தில் 28-25 என வென்று பிரான்ஸ் உலகச் சாம்பியனானது. ஒமேயருக்கும் பதக்கம் கிடைத்தது. ஆனால் அன்று முதன்மைக் காவலர் புரூனோ மார்த்தினி. ஒமேயர் 24 வயது இளைஞர், வரிசையில் பின்னால் நிற்பவர். தேசிய அணியோடு அவருக்கு அடுத்த பெரிய பட்டம் கிடைத்தது 2006-இல்தான். நடுவில் ஐந்து ஆண்டுகள். பட்டியலில் ‘2001, 2006’ என்று பக்கத்துப் பக்கத்தில் படிக்கும்போது அந்த ஐந்து ஆண்டுகள் நம் கண்ணுக்குப் படுவதே இல்லை.

அந்த இடைவெளியில் நடந்த ஓர் ஆட்டத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2003, ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி. அப்போது இறுதியாட்டம் இரண்டு சுற்றாக நடக்கும். இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் சுற்றில் ஸ்பெயினின் பம்ப்ளோனா நகரக் கழகத்திடம் மோன்பெலியே 19-27 எனத் தோற்றது. எட்டுக் கோல் பள்ளம். காவலர் 27 விட்டிருக்கிறார் என்று என் வகுப்பு நண்பர்கள் பார்த்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பார்களோ! இரண்டாம் சுற்று சொந்த ஊரில். மோன்பெலியே 31-19 என வென்றது. கூட்டினால் 50-46. சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் பிரெஞ்சு ஆண்கள் கழகம் என்ற பெயர் மோன்பெலியேக்குக் கிடைத்தது. பின்னாளில் உலகையே ஆட்டிவைத்த நிகோலா கராபாடிச் அந்த அணியில் 19 வயதுப் பையன்.

ஏதாவது மந்திரம் நடந்ததா? இல்லை. 27 விட்ட அதே கோல், சில நாள் கழித்து 19 மட்டுமே விட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் எட்டுப் பந்துகள். அறுபது நிமிடத்தில் எட்டுப் பந்துகள். அதில் காவலரின் பங்கும் உண்டு, அவருக்கு முன்னால் கைகோத்து நின்ற தற்காப்பின் பங்கும் உண்டு.

ஒரே கழகம், இரண்டு காவலர்கள்

2006-இல் ஒமேயர் ஜெர்மனியின் கீல் கழகத்துக்கு மாறினார். அங்கே ஏற்கெனவே ஒரு காவலர் இருந்தார்: ஹென்னிங் ஃப்ரிட்ஸ். சாதாரண ஆள் இல்லை. 2004-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கியவர். ஒரு கோலுக்கு உலகத் தரத்தில் இரண்டு பேர். எறிபந்தில் ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நான்கு பந்து தொடர்ந்து உள்ளே போனால் பயிற்றுநர் கையசைப்பார். ஒருவர் வெளியே, மற்றவர் உள்ளே. அந்த நாற்காலிக்கு நடந்து போகும் பத்தடி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

கீலில் ஒமேயர் முன்னுக்கு வந்தார். ஆனால் அந்தப் பருவத்தின் நடுவிலேயே, 2007 உலகப் போட்டியின் அரையிறுதியில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். கொலோன் நகரில் ஜெர்மனியும் பிரான்சும் மோதின. இரண்டு முறை கூடுதல் நேரம் கொடுத்த பிறகு ஜெர்மனி 32-31 என வென்றது. ஒரே ஒரு கோல். ஜெர்மனி பிறகு கோப்பையையும் வென்றது. கழகத்தில் இடத்தை இழந்துகொண்டிருந்த ஃப்ரிட்ஸ் உலகச் சாம்பியன் ஆனார். இடத்தைப் பிடித்த ஒமேயர் வெறுங்கையோடு கீலுக்குத் திரும்பினார். சில மாதங்களில் கீல் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அந்தக் கோடையில் ஃப்ரிட்ஸ் வேறு கழகத்துக்குப் போய்விட்டார். இதில் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று நான் யோசித்துப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகள் பிரான்சின் பொற்காலம். 2008 பெய்ஜிங்கில் ஐஸ்லாந்தை 28-23 என வென்று ஒலிம்பிக் தங்கம். 2009-இல் குரோவேஷியாவை அதன் சொந்த மண்ணில் வைத்தே 24-19 என வென்று உலகப் பட்டம். 2010-இல் மறுபடியும் குரோவேஷியாவை வென்று ஐரோப்பியப் பட்டம். ஒலிம்பிக், உலகம், ஐரோப்பா என மூன்று பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் ஆண்கள் அணி அதுதான். பயிற்றுநர் குளோட் ஒனெஸ்டா. கீல் கழகமும் சளைக்கவில்லை: 2011-12 பருவத்தில் ஜெர்மன் லீக்கின் 34 ஆட்டங்களிலும் வென்றது. ஒரு தோல்வி இல்லை, ஒரு சமநிலைகூட இல்லை.

கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் காவலரை எடை போடுகிறவர்களுக்கு 2011 உலகப் போட்டியின் இறுதியாட்டத்தைக் காட்ட வேண்டும். டென்மார்க்குக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் பிரான்ஸ் 37-35 என வென்றது. 35 கோல் விட்டுவிட்டு உலகச் சாம்பியன்! 2007-இல் 32 விட்டுத் தோற்றவர்கள், 2014 ஐரோப்பிய இறுதியில் அதே 32 விட்டு டென்மார்க்கை 41-32 என்று வென்றார்கள். எதிர்முனையில் நிற்கும் காவலரைவிட ஒரு பந்து அதிகமாகத் தடுத்தால் போதும் என்ற வேலை இது.

எனக்கு மிகவும் பிடித்தது 2012. அந்த ஆண்டு ஜனவரியில் ஐரோப்பியப் போட்டியில் பிரான்சுக்குக் கிடைத்தது 11-ஆம் இடம். வயதாகிவிட்டது, கதை முடிந்தது என்று பேச்சு எழாமல் இருக்குமா? ஆகஸ்டில் இலண்டன் ஒலிம்பிக். முதல் சுற்றிலேயே ஐஸ்லாந்திடம் ஒரு கோலில் தோல்வி. காலிறுதியில் ஸ்பெயினை 23-22 என, கடைசி நொடிகளில் வில்லியம் அக்காம்ப்ரே போட்ட கோலில் வென்றார்கள். அரையிறுதியில் குரோவேஷியாவுக்கு எதிராக 25-22. இறுதியில் சுவீடனுக்கு எதிராக 22-21. விட்ட கோல்களை மட்டும் பாருங்கள்: 22, 22, 21. உலகின் மிகச் சிறந்த மூன்று அணிகள், 180 நிமிடம், 65 கோல். கோலில் நின்றவருக்கு அப்போது வயது 35. ஒவ்வொரு பந்தைத் தடுத்ததும் முஷ்டியை மடக்கி, கண்ணை உருட்டி, அரங்கமே அதிரக் கத்துவார். ஆரம்பத்தில் எனக்கு அது கொஞ்சம் நாடகமாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. மூன்றில் ஒரு முறைதானே கத்த முடியும்?

38 வயதில், 2015 உலகப் போட்டியில், தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். இறுதியில் பிரான்ஸ் போட்டியை நடத்திய கத்தாரை 25-22 என வென்றது. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் டென்மார்க்கிடம் 26-28 எனத் தோல்வி, வெள்ளிப் பதக்கம். 2017-இல் சொந்த நாட்டில் கடைசி உலகப் பட்டம். அந்தப் போட்டியில் இளையவரான வின்சென்ட் ஜெரார்டும் அவரும் கோலைப் பகிர்ந்துகொண்டார்கள். 2001-இல் ஒமேயர் யாருக்குப் பின்னால் காத்திருந்தாரோ, அந்த வரிசையில் இப்போது அவருக்குப் பின்னால் இன்னொருவர். 2019-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் கழகத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார். பின்னர் அதே கழகத்தின் எறிபந்துப் பிரிவுக்குப் பொது மேலாளரானார்.

பழைய காணொளி

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒரு ஆசை வந்தது. அந்த 24-11 ஆட்டத்தை அக்கா தன் கைப்பேசியில் படம் பிடித்திருந்தாள். வீட்டுப் பழைய கணினியில் தேடி எடுத்தேன். எட்டு ஆண்டுகளாக நான் திறந்தே பார்க்காத காணொளி. நடுவில் அம்மா அழைத்ததால் கொஞ்ச நேரம் விட்டுப்போயிருந்தது. மீதியைப் பார்த்து, நோட்டில் இரண்டு பத்தி போட்டு எண்ணினேன். விட்டது 21. தடுத்தது 11.

32-இல் 11. கணிப்பானில் தட்டினேன்: 34.4 விழுக்காடு.

உடனே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதுப் பெண்கள் எறிந்த பந்தையும் கராபாடிச் எறிந்த பந்தையும் ஒரே தராசில் வைக்க எனக்குப் பைத்தியமா? நான் ஒமேயர் இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் எங்கள் குழு தோற்றது ஓட்டை வலையால் அல்ல. பந்தை வீணாக எதிராளி கையில் கொடுத்துக்கொண்டே இருந்தோம்; அதனால்தான் அத்தனை பந்து கோலை நோக்கி வந்தது. அதை அன்று யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. பலகையில் ஒரே ஓர் எண் தெரிந்தது. அதையே என் பெயராக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காணொளியை நிறுத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் வகுப்பு நண்பர்கள்மேல் இல்லை. அந்த நீளக்கைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தவள்மேல்.

இப்போது எங்கள் குழுவில் படிவம் 2 மாணவி ஒருத்தி கோலில் நிற்கிறாள். பயிற்சியின்போது நான் ஓரமாக நோட்டோடு உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு பந்தையும் ‘தடுத்தது’, ‘விட்டது’ என்று குறிக்கிறேன். பந்து எந்த மூலைக்கு வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுகிறேன். போன வாரம் நட்பு ஆட்டம் ஒன்றில் 19 கோல் விட்டாள். ஆட்டம் முடிந்ததும் முகம் வாடிப்போய் வந்தாள். இதற்காகத்தானே இத்தனை இரவுகள் விழித்துப் படித்தேன் என்று, நோட்டை நீட்டி, ‘தடுத்தது’ பத்தியில் இருந்த பத்தைக் காட்டி, ஒமேயர் கதையை ஆரம்பித்தேன்.

அவள் அந்தப் பத்தியைப் பார்க்கவே இல்லை. விரலை ‘விட்டது’ பத்தியில் வைத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்தாள். பாதிக்கு மேல் வலது கால் பக்கம், தரையை ஒட்டி.

“டீச்சர், நாளைக்கு எல்லாரையும் இங்கயே எறியச் சொல்லுங்க,” என்றாள். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.